அலாரம் வைத்த பிறகு இருபது ஆண்டுகள்

கேள்வி: எனக்கு 23 வயது. டிப்ளமோ முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பகுதி நேரமாக பி.இ. படிக்க ஆசை. ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ என்ற ரஷ்யப் படம் பார்த்ததும் தைரியம் வந்தது. ஆனால் என் அக்கா, “ஆலைக்கே தலைவியாகியும் கடைசியில் ஓர் ஆணுக்காகத்தானே அழுகிறாள்?” என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அக்காவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் தானே முடிவு செய்வேன், காரணம் தான் ஆண் என்று கதாநாயகி கதெரீனாவின் காதலன், ஃபிட்டர் கோஷா சொல்வதை என்னாலும் ஜீரணிக்க முடியவில்லை. அவள் ஆலைத் தலைவி என்று தெரிந்ததும் வீட்டைவிட்டுப் போய்க் குடிக்கிறான். அவள் எட்டு நாள் தவித்துக் கிடக்கிறாள். விளதிமீர் மென்ஷோவின் இந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்ன?

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. 1958இல் கதெரீனா நுழைவுத் தேர்வில் இரண்டே மதிப்பெண்ணில் தோற்கிறாள். ஆலையில் இயந்திரம் நின்றால் ஃபிட்டருக்காகக் காத்திராமல் தானே பழுதுபார்க்கப் பழகுகிறாள். பிறகு கைக்குழந்தையோடு தொழிலாளர் விடுதியில் இரவில் படிக்கிறாள். அழுதபடியே அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறாள். மணி அடித்து எழுந்தால் சுமார் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன! சொந்த வீடு, வளர்ந்த மகள், பெரிய பதவி.

படம் தாண்டிக் குதித்த அந்த ஆண்டுகள்தாம் உங்களுடைய கேள்வி. தேர்வு நாளில் குழந்தை யாரிடம் இருந்தது? ஷிப்டை யார் மாற்றிக் கொடுத்தார்கள்? சோவியத் நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்குத் தேர்வுக்காகச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. குழந்தைக் காப்பகங்களும் இருந்தன. அவளுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெறும் பிடிவாதத்தால் மட்டும் யாரும் படித்து முடிப்பதில்லை.

அதனால் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஷிப்ட் மாற்றமும் தேர்வு விடுப்பும் கிடைக்குமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வாய்மொழி போதாது, எழுத்தில் வாங்குங்கள். அடுத்து அக்காவிடம் போய், தேர்வு நாட்களில் உங்கள் பங்குச் சமையலை யார் செய்வது என்று கேட்டுப் பாருங்கள். கோஷாவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.