கேள்வி பதில்: 11 லட்சம் கோடி மூலதனச் செலவு

இந்த முறை ஒன்றிய அரசின் மூலதனச் செலவைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வருமான வரி, தங்க விலை பற்றி வந்தவற்றை ஓரமாக வைத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

தஞ்சாவூர் மாணவி: மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு, என்ன வித்தியாசம்?

வீடு கட்டினால் மூலதனச் செலவு, சொத்து நிற்கும். வெள்ளையடித்தால் வருவாய்ச் செலவு. ராணுவத்தில் விமானமும் கப்பலும் மூலதனம்; சம்பளமும் எரிபொருளும் மட்டுமல்ல, வெடிமருந்தும் வருவாய்ச் செலவில்தான் வரும்.

கோவை வாசகர்: 2019-20இல் 3.36 லட்சம் கோடி. 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி. மூன்று மடங்குக்கு மேல்! நிஜமா, கண்கட்டு வித்தையா?

இரண்டும் கலந்தது. சாலையும் தண்டவாளமும் கண்ணெதிரே கூடியிருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் பணம் வந்த வழியும் மாறியது. முன்பு தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கடன் பத்திரம் போட்டுச் சாலை போட்டது. அதன் கடன் சுமார் மூன்றரை லட்சம் கோடி வரை ஏறியது. 2022-23 முதல் புதுக்கடனை நிறுத்திவிட்டு, பட்ஜெட்டிலிருந்தே பணம் கொடுக்கிறார்கள். அதே சாலை, அதே ஜல்லி, கணக்குப் புத்தகம்தான் வேறு. ரயில்வேயும் அப்படியே. 2019-20இல் பட்ஜெட் கொடுத்தது 70,000 கோடிக்குள்; மீதி பெரும்பாலும் கடன். 2025-26இல் பட்ஜெட்டே 2.52 லட்சம் கோடி ஒதுக்கியது.

இன்னொன்று, மூலதனம் என்ற பெயரில் வருவதெல்லாம் கான்கிரீட் இல்லை. 2021-22 கணக்கில் ஏர் இந்தியாவின் பழைய கடனை அடைத்த பணம் இருக்கிறது. 2024-25 பட்ஜெட்டில் பிஎஸ்என்எல்லுக்கு 82,916 கோடி ஒதுக்கினார்கள். மாநிலங்களுக்கு 50 வருட வட்டியில்லாக் கடன் என்று 1.5 லட்சம் கோடி. இந்தக் கடைசித் தொகையை மாநிலம் செலவழித்ததும் அது மாநிலக் கணக்கிலும் மூலதனச் செலவாக ஏறும். இரண்டு கணக்கையும் அப்படியே கூட்டினால் ஒரே ரூபாயை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள்.

அதே கோவை வாசகர்: குறை சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே? கடனாக வந்தால் என்ன, பட்ஜெட்டில் வந்தால் என்ன?

குறை சொல்லவில்லை ஐயா. மறைவாக இருந்த கடனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். ஒரு வருடத்தை ஆழாக்கிலும் இன்னொரு வருடத்தை மரக்காலிலும் அளந்துவிட்டு ‘மூன்று மடங்கு’ என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

திருச்சி ஒப்பந்ததாரர்: பில் எல்லாம் மார்ச்சில்தான் பாஸாகிறது. ஏன்?

மார்ச் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதி. நானும் பில் பாஸ் செய்யும் மேஜையில் உட்கார்ந்தவன்தான். இரவு பத்தரைக்கு டீ ஆறிப்போயிருக்கும், பில் கட்டின் கடைசி பில்லில் அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) பக்க எண் இருக்காது, வாசலில் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். இதனால்தான் சொல்கிறேன், வருட ஆரம்பத்தில் அறிவிக்கும் பட்ஜெட் மதிப்பீட்டை அப்படியே நம்பாதீர்கள். 2023-24இல் அறிவித்தது 10.01 லட்சம் கோடி, செலவானது 9.49. 2024-25இல் 11.11 என்றார்கள்; தேர்தல் வருடம், திருத்திய மதிப்பீடு 10.18க்கு இறங்கியது. உண்மைச் செலவு இரண்டு வருடம் கழித்துத்தான் பட்ஜெட் புத்தகத்தில் வரும்.

வேலூர் முன்னாள் ராணுவத்தினர்: பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி என்கிறார்கள். ஆயுதத்துக்கு எவ்வளவு?

2025-26இல் மூலதனம் 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியம் 1.61 லட்சம் கோடி. மீதி பெரும்பாலும் சம்பளமும் பராமரிப்பும். அந்த 1.80இலும் பெரும் பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை. 83 தேஜஸ் விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். பணம் இன்னும் தவணை தவணையாகப் போகிறது.

சென்னை வாசகர்: அப்படியானால் ஓய்வூதியத்தைக் குறைத்தால் விமானம் வாங்கலாமே?

இதைப் போட்டதுதான் தாமதம், வேலூர்க்காரர் மூன்று பக்கம் எழுதிவிட்டார், அவருக்கு ஆதரவாக நாலு பேர், எதிராக ஆறு பேர். சியாச்சினில் நின்றவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்கிறார். நியாயம். ஓய்வூதியம் பிச்சை இல்லை, வேலைக்குச் சேரும்போதே கொடுத்த வாக்கு. கணக்காகப் பார்த்தாலும் சென்னைக்காரர் யோசனை உடனே பலிக்காது. சிப்பாய்களை நான்கு வருடத்துக்கு மட்டும் எடுத்து, பெரும்பாலோரை ஓய்வூதியம் இல்லாமல் அனுப்பும் அக்னிபத் திட்டம் வந்தது 2022இல். அதற்கு முன் சேர்ந்த ஒரு சிப்பாய் சுமார் பதினைந்து வருடம் கழித்து ஓய்வு பெறுகிறார். 2021இல் சேர்ந்தவர் 2036 வாக்கில். ஆக, அதுவரை ஓய்வூதியப் பட்டியலில் சேரப்போகிறவர்கள் எல்லாரும் பழைய திட்டத்தில் சேர்ந்தவர்கள்தான். மிச்சம் பிடிப்பது எல்லாம் அதற்கப்புறம். சரி, இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்துகிறேன்.

மதுரை வாசகர்: எய்ம்ஸ் எப்போது முடியும்?

அது சுகாதாரத் துறை, பெரும்பகுதி ஜப்பான் கடன். அங்கே கேளுங்கள்.

சென்னை, இன்னொருவர்: மெட்ரோ இரண்டாம் கட்டம் ஒன்றிய அரசின் திட்டமா, மாநிலத்தினுடையதா?

63,246 கோடித் திட்டம். மாநிலத் திட்டமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை மத்தியத் துறைத் திட்டமாக, அதாவது ஒன்றிய அரசின் திட்டமாக, ஏற்றது.

சேலம் வாசகர்: அப்போ நாட்டின் மூலதனச் செலவு மூன்று மடங்கு ஆகிவிட்டது, சரிதானே?

மேலே கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: 11.21 லட்சம் கோடி செலவாகிவிட்டதா?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர் முன்னாள் ராணுவத்தினர்: ஓய்வூதியம் பற்றி இன்னும் ஒரே ஒரு விஷயம்…

அண்ணே, அடுத்த வாரம்.