விருது வாங்கிய அல்ஜீரியப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

என் ஓட்டு, முஹம்மது லக்தர் ஹமினா இயக்கிய 'தி விண்ட்ஸ் ஆஃப் தி ஆரெஸ்' படத்துக்கு. பலரும் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' என்பார்கள். அதுவும் பார்க்க வேண்டிய படம்தான். ஆனால் அல்ஜீரியாவின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன படங்களில் இரண்டை எடுத்தவர்கள் அல்ஜீரியர்களே அல்ல. 1966இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கிய 'பேட்டில்' இத்தாலியரான பொந்தேகொர்வோவின் படம். 'இசட்' (1969) கிரேக்கத்தில் பிறந்த கோஸ்டா காவ்ராஸுடையது. கதையும் கிரேக்க அரசியல் கொலை ஒன்றைப் பற்றியது, பேசும் மொழியோ பிரெஞ்சு! கிரீஸ் அப்போது ராணுவ ஆட்சியில் இருந்ததால் அங்கே எடுக்க வழியில்லை. அல்ஜீரியா தயாரிப்பில் பங்கெடுத்து, அல்ஜியர்ஸில் படப்பிடிப்புக்கும் இடம் கொடுத்தது. அதனால் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் அல்ஜீரியாவின் கணக்கில் ஏறியது.

'பேட்டில்' படத்தை முழுக்க வெளியாள் படம் என்று ஒதுக்கவும் முடியாது. தயாரிப்பில் பங்கெடுத்த யாசெஃப் சாதி, பிரான்சின் ஆட்சிக்கு எதிரான போரில் அல்ஜியர்ஸில் விடுதலைப் போராளிகளின் தளபதியாக இருந்தவர். ஏறக்குறைய தன் வேடத்திலேயே நடித்துமிருக்கிறார். மூன்று அல்ஜீரியப் பெண்கள் கண்ணாடி முன் நின்று முடி வெட்டி, சாயம் பூசி, ஐரோப்பியப் பெண்களாக மாறும் காட்சியைக் கவனியுங்கள். சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் சிரித்துப் பேசி வழிவிடுவார்கள். அந்தப் பெண்கள் கையில் இருப்பது குண்டு.

இனி ஹமினா. 'ஆரெஸ்' 1967இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசை வாங்கியது. மகனைப் பிரெஞ்சு ராணுவம் பிடித்துக்கொண்டு போகிறது. எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. கல்தூம் நடித்த அந்தத் தாய், காவலாளிக்குக் கொடுத்தாவது மகனைப் பார்த்துவிடலாம் என்று கையில் கோழியோடு முகாம் முகாமாக நடக்கிறாள். வசனம் குறைவு. பெரிய சண்டைக் காட்சிகளால் சொல்ல முடியாததை இந்த நடை சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

அதே ஹமினாதான் 1975இல் 'க்ரானிக்கிள் ஆஃப் தி இயர்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்காகக் கானின் உயரிய விருதான தங்கப் பனை வாங்கினார். ஆப்பிரிக்காவுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. 1939இல் தொடங்கி, விடுதலைப் போர் வெடித்த 1954 நவம்பர் 1 வரை வருகிற கதை. தொடக்கத்தில் எதிரியாக வருவது வறட்சி. தண்ணீருக்காக ஊரும் ஊரும் அடித்துக்கொள்கின்றன. கல்லறைகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்யும் பைத்தியக்காரனாக இயக்குநரே வருகிறார், படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், நடுவில் கொஞ்சம் இழுக்கும். புதுப்பித்த பிரதி 2025 மே 23 அன்று கானில் திரையிடப்பட்டது. ஹமினா காலமானதும் அதே நாளில்தான்.

விடுதலைப் போர்க் கதை வேண்டாம் என்றால் மவுனியா மெத்தூரின் 'பபிச்சா' (2019). 1990களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், பெண்கள் விடுதியில் தங்கி ஃபேஷன் ஷோ நடத்தத் துணியும் கல்லூரி மாணவியின் கதை. பிரான்சின் சீசர் விருதுகளில் சிறந்த முதல் படம், நம்பிக்கைக்குரிய புதுமுக நடிகை என இரண்டைத் தட்டியது. வேடிக்கை என்னவென்றால், அல்ஜீரியா இதை ஆஸ்கருக்கு அனுப்பியது, ஆனால் சொந்த ஊரில் வெளியீடு கடைசி நேரத்தில் ரத்தானது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். ஆட்டம் பாட்டம் என்று போய்க்கொண்டிருக்கும்போதே வன்முறை சட்டென்று வந்துவிடும்.