'இயற்கை மரணம்' என்று அறிக்கை சொன்னால் வழக்கு போட முடியாதா?

கேள்வி: மூட்டுவலிக்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டுவந்த என் அப்பாவுக்கு மலம் தார் போலக் கறுத்து, தலை சுற்றியது. மருத்துவமனையில் ஹீமோகுளோபின் சரியாக இருப்பதாகச் சொல்லி, வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் இரத்த வாந்தி எடுத்து இறந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'நாள்பட்ட குடற்புண்ணில் இரத்தப்போக்கு; இயற்கை மரணம்' என்று இருக்கிறது. வழக்கு நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு உண்டு. கொலை, தற்கொலை, விபத்து இல்லை என்பதைத்தான் 'இயற்கை மரணம்' குறிக்கிறது. சிகிச்சை சரியா தவறா என்பதற்குள் அது போவதில்லை. புண் எத்தனை வருடப் பழையது என்பதும் பெரிதில்லை. இரத்தம் எப்போது கசியத் தொடங்கியது என்பதைப் பிடியுங்கள்.

முடிவுரையை விட்டுவிட்டு, வயிற்றுப் பகுதி விவரத்தைப் படியுங்கள். முன்சிறுகுடலின் (இரைப்பையை அடுத்த சிறுகுடலின் முதல் பகுதி) பின்சுவரில் புண், அதன் அடியில் வாய்திறந்த தமனி என்று எழுதியிருந்தால் இரத்தம் வந்த இடம் உறுதி. 'இரைப்பையில் இரத்தம்' என்று மட்டும் இருந்தால், உணவுக்குழாயில் நாளப் புடைப்பு (வீங்கிய இரத்தக்குழாய்) வெடித்தது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். அடுத்து பெருங்குடல். அங்கே கறுத்த மலம் இருந்தால் கசிவு பல மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கும். மருத்துவமனைக்குப் போனபோதே மலம் கறுத்திருந்தது என்ற உங்கள் பேச்சுக்கு அது வலு சேர்க்கும். அளந்த இரத்தம் குறைவாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம், வாந்தியில் போனது அந்தக் கணக்கில் வராது. வெளிறிய உள்ளுறுப்புகள், இறந்த பின் உடலின் அடிப்பக்கத் தோலில் இரத்தம் தேங்கி வரும் நிறம் மங்கலாக இருப்பது, இடது இதய அறையின் உட்சுவரில் கீற்றுக் கீற்றாக இரத்தக்கசிவு ஆகியவை பெரும் இரத்த இழப்புக்குத் துணை நிற்கும்.

ஹீமோகுளோபின் வாதம் பலவீனமானது. இரத்தம் போகும்போது அணுக்களும் நீர்மமும் சேர்ந்தே போவதால், முதல் சில மணி நேரத்தில் அளவு இறங்காமல் இருக்கலாம். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆசனவாய்ப் பரிசோதனை எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த மலத்தைச் சொன்ன பிறகும், குடற்புண் இரத்தப்போக்கை மோசமாக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் போட்டது எனக்கு இதில் மிகப் பெரிய தவறாகப் படுகிறது.

சிகிச்சைப் பதிவு முழுவதன் நகலையும் எழுத்து மூலம் இன்றே கேளுங்கள். நுண்ணோக்கியில் பார்க்க எடுத்த திசுக் கண்ணாடிகளையும், திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் அழிக்க வேண்டாம் என்று பிரேதப் பரிசோதனைத் துறைக்கு எழுதுங்கள். கசிவு எவ்வளவு நேரத்துக்கு முன் தொடங்கியிருக்கும் என்று பரிசோதித்த மருத்துவரிடம் கூடுதல் கருத்தும் கோருங்கள். இத்தனை இருந்தும் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அன்றே உட்சேர்த்து எண்டோஸ்கோபி (வாய்வழி குழாய்க் கேமரா பரிசோதனை) செய்திருந்தால் பிழைத்திருப்பாரா? அதற்கு வேறொரு இரைப்பை குடல் நிபுணரின் எழுத்துக் கருத்து வேண்டும். காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும், கடைசி நாளை வழக்கறிஞரிடம் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.