ரிப்போர்ட் நார்மல், பிள்ளை மட்டும் ஏன் இப்படி இருக்கிறாள்?

கேள்வி: எங்கள் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள், வீடு பெரம்பூர். 9 வயதில் முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி, குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது வீக்கம் இல்லை, ரத்தப் பரிசோதனையும் நார்மல். ஆனால் மூன்று மாதமாகப் பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்ப் படுத்துவிடுகிறாள். தோழிகளிடம் பேசுவதில்லை. மாத்திரையைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறாள். ஒருநாள் ‘நான் இல்லன்னா உங்களுக்குச் செலவாவது மிச்சம்’ என்று சொன்னாள். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்றால், பெண்ணின் பேர் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். இந்த மருந்தோடு அந்த மருந்து ஒத்துப்போகுமா? ஏலகிரிக்குப் பள்ளியில் இரண்டு நாள் டூர் போகிறார்கள், அதற்கும் வரமாட்டேன் என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் நிம்மதிதான்.

பதில்: காட்டலாம், இந்த வாரமே காட்டுங்கள். நீங்கள் கேட்டதில் பல விஷயம் இருக்கிறது, ஆனால் அந்தச் ‘செலவு மிச்சம்’ பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கோபத்தில் வந்த வார்த்தை என்று விட்டுவிடாதீர்கள்.

இன்று இரவே, டிவி ஓடாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: ‘அன்னைக்கு அப்படிச் சொன்னியே, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?’ கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு, ஆனால் அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பல பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், நடுராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கு. 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையில் 1986 முதல் இதே வேலையைச் செய்துவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இன்னொன்று, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், தாத்தாவின் பிரஷர் மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள்.

சரி, ரிப்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். நான் மூட்டு டாக்டர். வீக்கம் இருக்கா, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, கண் பரிசோதனைக்குப் போனீங்களா என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டே பல வருடம் ஓட்டியவன். இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்பதைத்தான் காட்டும். வலி, அசதி, தூக்கம், பயம் எதுவும் அதில் தெரியாது. மூட்டு அமைதியான பிறகும் வலி தொடரலாம், ஏனென்றால் வருடக்கணக்கில் வலித்த உடம்பில் நரம்புகள் சின்னச் சீண்டலுக்கும் பெரிய சத்தம் போடப் பழகியிருக்கும். வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனசு தளரும், மனசு தளர்ந்தால் அதே வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். இதில் முதலில் வந்தது எது என்று தேடுவதில் பயனில்லை. மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்ற பிள்ளைகளைவிட அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். உங்கள் வளர்ப்பில் ஏதும் குறை இல்லை.

அப்புறம், 16 வயதில் இந்த நோயோடு பள்ளிக்குப் போவது எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் யோசிப்பதே இல்லை. வகுப்பு மூன்றாவது மாடியில் இருக்கும். கழிப்பறை குத்த வைத்து உட்காரும் வகை, முழங்கால் மடங்காது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலைவரை அடக்கிக்கொண்டு வரும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருத்திகூடத் தானாகச் சொன்னதில்லை. பி.டி. பீரியடில் ‘நீ ஓரமா உட்காரு’ என்பார்கள், அக்கறையாகத்தான், ஆனால் வருஷம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்தவளை விளையாட யார் கூப்பிடுவார்கள்? நேற்று நன்றாக நடந்தவள் இன்று நொண்டினால் ‘நடிக்கிறா’ என்று பேர். கல்யாண வீட்டில் ‘இந்த வயசுலயே மூட்டுவலியா, பாட்டிக்கு வர்ற வியாதியாச்சே’ என்று விசாரிக்கும் அத்தைகள் வேறு. இதில் எது உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். ‘ஸ்கூல் எப்படிப் போச்சு’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘ஸ்கூல்ல பாத்ரூம் போக முடியுதா’ என்று கேட்டுப் பாருங்கள்.

பல பெண்களின் மனதில் வெளியே சொல்லாத ஒரு கேள்வி இருக்கும்: எனக்குக் கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா? மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும் என்று போனில் படித்துவிட்டு அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். குழந்தை வேண்டும் என்று திட்டமிடும்போது டாக்டரிடம் சொல்லி, கர்ப்பத்துக்கு முன்பே அந்த மருந்தை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாறலாம். இந்த நோய் உள்ளவர்கள் தாயாகிறார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். உங்கள் முன்னால் இதையெல்லாம் கேட்க மாட்டாள்.

அந்த வாந்தியைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். தாளிக்கும் வாசனைக்கே வாய் ஊறுகிறது இல்லையா, அதே கணக்கு, தலைகீழாக. மாத்திரை சாப்பிட்டபின் குமட்டிய நாட்களை உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது, இப்போது அந்த நிறத்தைப் பார்த்தாலே முந்திக்கொள்கிறது. மாத்திரை மஞ்சள் என்பதால் மஞ்சள் நிற ஜூஸைக்கூடத் தொடாத பிள்ளைகள் உண்டு. அதட்டிக் கொடுத்தால் இது கூடத்தான் செய்யும். வழி இருக்கிறது: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து அப்படியே தூங்கவிடுவது, அரை மணி நேரம் முன்பு குமட்டல் மாத்திரை, ஃபோலிக் அமிலத்தைச் சரியாகக் கொடுப்பது, மாத்திரைக்குப் பதில் தோலடி ஊசி, எதுவும் ஒத்துவரவில்லை என்றால் வேறு மருந்து. இதையெல்லாம் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அவள் ரகசியமாக மாத்திரையைக் குப்பையில் போட ஆரம்பித்தால் நமக்குத் தெரியவே வராது. சில சமயம் நோய் திரும்புவதற்கு அதுதான் காரணம். ஆனால் இது வாரம் ஒருநாள் மட்டும் கொடுக்கும் மருந்து, தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை அவளே முடிவு செய்யட்டும், அந்த வாரத்து மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுங்கள், அட்டை உங்கள் பூட்டிலேயே இருக்கட்டும். (முடக்கத்தான் தோசை நானும் சாப்பிடுவேன், நன்றாக இருக்கும். மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்காதீர்கள்.)

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எப்போதாவது கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் எரிச்சல், தூக்கமின்மை, சோர்வு, முகம் உப்புவது எல்லாம் அதனாலும் வரும், ஆனால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், குறைந்திருந்தால் அசதியாகத்தான் இருக்கும்.

மாமியாருக்கு என்ன சொல்வது? நம்ம ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பேரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். 1794-ல் ஆரம்பித்த மனநல மருத்துவமனை அது, எத்தனையோ குடும்பங்களை மீட்டிருக்கிறது, பேர் மட்டும் இப்படி ஆகிவிட்டது. அந்தப் பேரைக் கேட்டாலே வீட்டில் ரகளை என்றால் அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே மூட்டுக்கும் மனநலத்துக்கும் பிரிவுகள் இருக்கின்றன, எந்த டோக்கனுக்கு நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. மருத்துவர் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. மகளிடமும் ‘உனக்கு மனசு சரியில்ல’ என்று ஆரம்பிக்காமல், ‘வலியும் தூக்கமும் சரியாகணும், அதுக்கு ஒரு டாக்டர் இருக்காங்க’ என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க மாட்டார்கள். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையிலேயே தொடங்குவது வழக்கம்: எண்ணங்களையும் பழக்கங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்ப்பது, அது வலியைத் தாங்கவும் உதவும். மாத்திரை தேவைப்பட்டால் இந்த வயதுக்குப் பெரும்பாலும் ஃப்ளூவாக்ஸெடின். மெத்தோட்ரெக்ஸேட்டுடன் அதற்குப் பொதுவாகப் பெரிய தகராறு இல்லை. கவனிக்க வேண்டியது நாப்ராக்ஸென், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை, ஃப்ளூவாக்ஸெடினோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். அதனால் இரண்டு டாக்டரிடமும் எல்லாச் சீட்டையும் காட்டுங்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் தவிப்போ, உயிர் பற்றிய பேச்சோ கூடினால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மணிக்கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: மூன்று மணி நேரப் பரீட்சை எழுத முடிகிறதா? கை வலித்து விடை தெரிந்தும் எழுதாமல் வந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கலாம். கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவர் உதவியும் கேட்கலாம். 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எழுதுபவர் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அரசு மருத்துவரின் சான்றோடு தலைமையாசிரியரை ஆண்டுத் தொடக்கத்திலேயே பாருங்கள். ஆனால் அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வகுப்பில் தனியாகத் தெரிவது பிடிக்காத வயது.

டூர் விஷயத்தில் உங்களுக்கு வந்த நிம்மதியை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, நிறைய அம்மாக்கள் சொல்ல மாட்டார்கள். ஏழு வருடம் பயந்தே வாழ்ந்த களைப்பு அது, நீங்களும் அந்த மனநல டாக்டரிடம் உங்களுக்காக ஐந்து நிமிடம் பேசினால் நல்லது. அந்தச் ‘செலவு மிச்சம்’ பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு டூரை எடுங்கள். அப்போது வற்புறுத்த வேண்டாம், எது தடுக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நடைதான் பிரச்சினை என்றால் வேனிலேயே இருக்க ஆசிரியரிடம் முன்கூட்டிப் பேசலாம், கழிப்பறை என்றால் தங்குமிடத்தில் வெஸ்டர்ன் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டால் போதும், மாத்திரை நாள் அந்த இரண்டு நாளில் விழுந்தால் மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். காலை விறைப்புக்கு வெந்நீர் கிடைக்க வேண்டும், பஸ்ஸில் நடுவே இறங்கிக் கால் நீட்ட வேண்டும். எல்லாம் ஏற்பாடு செய்த பிறகும் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு தோழியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.