சரிவில் வழுக்கும் ரோபோ: புது மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: மகன் உயர்நிலை 2 படிக்கிறான். போட்டிக்காக அவன் குழு நான்கு சக்கர ரோபோ செய்கிறது. அது சாய்தளத்தில் ஏறி, மேலே உள்ள கூடையில் பந்துகளைக் கொட்ட வேண்டும். பாதி வழியில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ரோபோ நகர மாட்டேன் என்கிறது. அதிக விசையுள்ள மோட்டார் செட் 160 வெள்ளி என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. மோட்டாருக்குத் தெம்பு போதாவிட்டால் சக்கரமே நின்றுபோய் முனகும். உங்கள் மகனுடையது சுற்றுகிறது, அதனால் குறை பிடிமானத்தில்தான். பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

20 பாகைச் சரிவில் ஏற உராய்வுக் கெழு (டயர் தளத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண்) குறைந்தது 0.36 வேண்டும், 30 பாகைக்கு 0.58. வீட்டிலேயே சோதிக்கலாம். சக்கரங்கள் உருளாதபடி டேப் ஒட்டி, போட்டித் தளத்தைப் போன்ற பலகையில் ரோபோவை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். எந்தக் கோணத்தில் சறுக்குகிறதோ அதுதான் அந்த டயரின் எல்லை. போட்டிச் சரிவைவிட அது நன்றாகக் கூடுதலாக இல்லையென்றால், முதலில் டயரை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி படிந்த ரப்பர் பிடிக்காது. அதற்கும் மசியாவிட்டால் மென்மையான ரப்பர் அல்லது சிலிகான் டயர் மாற்றுங்கள். சிம் லிம் டவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

நான்கு சக்கரமும் மோட்டாரில் ஓடினால்தான் இந்தக் கணக்கு. இரண்டு மட்டும் ஓடினால், அவற்றின்மேல் விழும் எடைதான் பிடிமானம் தரும். பேட்டரியை அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள், காசு செலவில்லை. அப்புறம், பந்து தூக்கும் கையை ஏறும்போது தாழ்த்தியே வைக்கட்டும். உயர்த்திக்கொண்டு ஏறினால் பின்பக்கம் கவிழும்.

சோதனையில் டயர் தேறி, ஏறும்போது சக்கரம் நின்றுபோனால் மட்டும் மோட்டார் வாங்குங்கள். போட்டி விதிகள் அந்த மோட்டாரை அனுமதிக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இங்கே சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது முதலிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் நல்ல மோட்டாரை வாங்கிவிட்டு, தேவைப்படவில்லை என்று திருப்பித் தர அந்தச் சட்டம் உதவாது. பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.