பிஷ்ஷும் பிசகும்

கேள்வி: பழைய ஆங்கிலப் பள்ளிக்கதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் சிறுவன் ஒருவன், வேறொருவனுடைய தொப்பியை அணிந்துகொண்டு வகுப்புக்குப் போய்விட்டுப் பின்னர் ‘பிஷ் செய்துவிட்டேன்’ என்கிறான். என்னிடமுள்ள சிறிய அகராதி, ‘பிஷ்’ என்பது பிஷப்பின் சுருக்கம் என்று மட்டுமே சொல்கிறது. இது நம் ‘பிசகு’ என்னும் சொல்லின் திரிபாக இருக்குமா? தமிழில் இதை எப்படி எழுதலாம்?

பதில்: உங்கள் அகராதி தருவது இன்னொரு ‘பிஷ்’. கதையில் வருவது, பிரிட்டனில் 1930களை ஒட்டி அகராதிகளில் ஏறத் தொடங்கிய கொச்சைச் சொல். அசட்டுத்தனமான சிறு தவறு என்பதே அதன் பொருள். பள்ளிச் சிறுவர்களின் பேச்சோடு சேர்த்து அறியப்பட்ட இச்சொல்லை இன்று பிரிட்டனிலேயே பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அகராதிகள் இதைப் பிரிட்டிஷ் கொச்சை வழக்கு என்று குறிப்பதோடு, பிறப்பு அறியப்படவில்லை என்றும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன.

பிறப்பு அறியப்படாத சொல்லைக் கண்டால் அதற்கு ஒரு தாய்வீடு தேடித்தர நம் மனம் விரைகிறது. ‘பிசகு’ என்ற உங்கள் ஊகம் எனக்கும் இனிக்கிறது. ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் போன வழியில் தடம் விட்டிருக்கின்றன. ‘கட்டுமரம்’ என்னும் சொல்லை, 1697இல் வெளியான தம் பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் குறித்துவைத்தார். கடலோடிகளும் வணிகர்களும் அதிகாரிகளும் எழுதிய ஏடுகளில் அத்தகைய சொற்களைப் படிப்படியாகத் தொடர்ந்து செல்ல முடிகிறது. ‘பிஷ்’ஷுக்கு அப்படி ஒரு தடம் இல்லை. ஆகவே இதைத் தற்செயலான ஒற்றுமை என்றே கொள்ளவேண்டும்.

இதே ஆசை பிஷப்பின் பக்கமும் நம்மை இழுக்கக்கூடும். விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல், கஞ்சி அடிபிடித்துப்போனால் ‘பிஷப் பானையில் கால் வைத்துவிட்டார்’ என்று மக்கள் சொல்வதாக 1528இல் எழுதினார். தமக்கு வேண்டாதவர்களை பிஷப்புகள் எரித்துவிடுவதால்தான் இந்த வழக்கு வந்தது என்பது அவர் தரும் விளக்கம். 1536இல் அவரையே கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள் என்பதை அறிந்தபின், அந்த வரியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. எனினும், அடிபிடித்த அந்தக் கஞ்சிக்கும் நானூறு ஆண்டுகள் கழித்துத் தோன்றிய பள்ளிச்சொல்லுக்கும் இடையே பாலமாக நிற்கும் சான்று எதுவும் இல்லை.

இனி, உங்களுக்கு உண்மையில் வேண்டிய மொழிபெயர்ப்புக்கு வருவோம். இங்கே பொருளைவிடச் சொல்லின் எடைதான் முக்கியம். தவறுகளுக்கென்று பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் வேறு சொற்களும் உண்டு: ‘ஹவுலர்’ என்பது தேர்வுத்தாளில் மாணவர் எழுதிவைக்கும் அப்பட்டமான அபத்தத்துக்குப் பெரிதும் வழங்கும், ‘கிளாங்கர்’ என்பது, இரும்புச்சாமான் கீழே விழுந்தாற்போல ஊரறியச் செய்யும் தவறு. இவற்றோடு ஒப்பிட்டால் ‘பிஷ்’ மிக மெல்லியது. அதனால் யாருக்கும் பெரிய கேடு வருவதில்லை. செய்தவன் முகம் சிவந்து ஒப்புக்கொண்டால் அத்துடன் முடிந்துபோகும்.

அதனால் ‘பிழை’ இங்கே பொருந்தாது. அது இலக்கணத்தையும், சில இடங்களில் மனச்சாட்சியையும் சார்ந்த கனமான சொல். ‘தவறு’ என்றால் சிறுவனின் குரல் மறைந்துவிடும். ‘சொதப்பல்’ கலகலப்பான சொல்தான், ஆயினும் அது இன்றைய இளைஞரின் வாய்மொழி. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய விடுதிச் சிறுவன் வாயில் வைத்தால் ஒட்டாது. சுற்றிச்சுற்றி நான் வந்துசேர்வது நீங்கள் தொட்ட ‘பிசகு’தான். கால் பிசகுவதைப்போல, கெட்ட எண்ணமின்றி, ஒரு நொடிக் கவனக்குறைவால் நேர்வது அது. சற்றே பழைய வாசமும் அதற்கு உண்டு. ‘சின்னப் பிசகு பண்ணிவிட்டேன்’ என்று அந்தச் சிறுவனைப் பேசவையுங்கள். ‘நேர்ந்துவிட்டது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தான்தான் செய்தோம் என்று அவன் ஒப்புக்கொள்வதில்தான் அந்த வாக்கியத்தின் அழகு இருக்கிறது.

கேள்வி: ‘பிஷ் பாஷ் போஷ்’ என்று ஆங்கிலேயர் சொல்வதும் இதே சொல்லா?

பதில்: அன்று. ஒரு வேலையைச் சட்டுப்புட்டென்று முடித்ததைக் காட்டும் ஒலிக்குறிப்புத் தொடர் அது, ‘மடமடவென்று’ என்பதைப்போல. ஒன்று வேலை கெட்டதையும், மற்றது வேலை முடிந்ததையும் சொல்வதால், மொழிபெயர்க்கும்போது இவ்விரண்டையும் கலந்துவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.