டெவலப்பர் டூல்ஸில் செய்த மாற்றங்கள் ரீஃப்ரெஷ் செய்ததும் மறைகின்றனவா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குரோமில் எஃப்12 அழுத்தி, ஒரு பக்கத்தின் எழுத்தளவையும் நிறத்தையும் மாற்றி, ஒரு தலைப்பையும் திருத்தினேன். ரீஃப்ரெஷ் செய்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இவற்றைச் சேமிக்க வழி உண்டா?”

உண்டு. ஆனால் நீங்கள் செய்த இரண்டு வேலைகளுக்கும் வழி ஒன்றல்ல. நிறத்தை மாற்றியது ஒரு சிஎஸ்எஸ் கோப்பில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) உள்ள விதியைத் திருத்தியது. தலைப்பை மாற்றியது, பிரவுசர் அந்தக் கோப்புகளைப் படித்துத் தன் நினைவகத்தில் கட்டி வைத்திருக்கும் பக்கத்தைத் திருத்தியது. ரீஃப்ரெஷ் செய்தால் சர்வரிலிருந்து எல்லாம் புதிதாக வந்து, அந்தப் பக்கம் மறுபடி முதலிலிருந்து கட்டப்படுகிறது. சர்வரில் இருப்பதை நீங்கள் தொடவே இல்லை, தொடவும் முடியாது.

டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும்வரை மாற்றங்கள் நின்றால் போதும் என்றால், பொருத்தமானது ‘லோக்கல் ஓவர்ரைட்ஸ்’. 2018இல் குரோம் 65இல் வந்த வசதி இது, எட்ஜிலும் உண்டு. டெவலப்பர் டூல்ஸில் சோர்சஸ் பகுதிக்குப் போய், இடப்பக்கம் ஓவர்ரைட்ஸ் என்ற டேபைத் திறந்து (தெரியாவிட்டால் பக்கத்திலுள்ள இரட்டை அம்புக்குறிக்குள் இருக்கும்), ‘செலக்ட் ஃபோல்டர் ஃபார் ஓவர்ரைட்ஸ்’ என்பதை அழுத்தி ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். பக்கத்தின் மேலே அனுமதி கேட்டு ஒரு பட்டை வரும். பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ‘அலவ்’ கொடுத்தால்தான் வேலை தொடங்கும். இனி நீங்கள் திருத்தும் கோப்பின் நகல் ஒன்று அந்த ஃபோல்டரில், தளத்தின் பெயரிலேயே ஓர் உள் ஃபோல்டரில் சேமிக்கப்படும். அடுத்த முறை பக்கம் திறக்கும்போது சர்வர் அனுப்பும் கோப்புக்குப் பதில் உங்கள் நகலைக் குரோம் எடுத்துக்கொள்ளும். அப்படி மாற்றப்பட்ட கோப்பின் பெயருக்கு அருகில் ஊதா நிறப் புள்ளி தெரியும். புள்ளி இல்லையென்றால் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் மாற்றம் நிற்கவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் எலிமென்ட்ஸுக்குள் இருக்கும் ஸ்டைல்ஸ் பகுதியில் எங்கே தட்டச்சு செய்கிறோம் என்பதில் இருக்கிறது. அங்கே மேலே முதலில் இருப்பது ‘எலிமென்ட்.ஸ்டைல்’ என்ற கட்டம். அதில் எழுதுவது எந்தச் சிஎஸ்எஸ் கோப்பையும் சேராது. ஓவர்ரைட்ஸ் அதைச் சேமிக்காது. அதற்குக் கீழே உள்ள விதிகளில், வலது ஓரத்தில் சிஎஸ்எஸ் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும் விதியைத் திருத்துங்கள். புது விதி வேண்டுமென்றால் கூட்டல் குறியைச் சும்மா அழுத்தினால் அது ‘இன்ஸ்பெக்டர் ஸ்டைல்ஷீட்’ என்ற தற்காலிக இடத்துக்குப் போகும், அதுவும் நிற்காது. அதே கூட்டல் குறியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கலாம்.

அப்புறம் உங்கள் தலைப்பு. எலிமென்ட்ஸ் பகுதியில் இருமுறை தட்டித் திருத்தும் எழுத்துகளை ஓவர்ரைட்ஸ் கண்டுகொள்ளாது. சோர்சஸ் பகுதியில் அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பை (பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் கோப்பு) திறந்து, அங்கே திருத்தி, கன்ட்ரோல்+எஸ் அழுத்த வேண்டும். ஆனால் இதை யோசித்துச் செய்யுங்கள். எச்டிஎம்எல்லைச் சேமித்துவிட்டால் சர்வர் பிறகு அதில் என்ன மாற்றினாலும் உங்களுக்குத் தெரியாது. செய்திகளோ கணக்கு விவரமோ வரும் பக்கம் என்றால் அன்றைய நிலையிலேயே உறைந்து நிற்கும். தலைப்பு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் நிரல்) மூலம் பிறகு வந்து விழுவதாக இருந்தால், அந்தக் கோப்பில் தேடினாலும் கிடைக்காது.

இன்னொன்று: கோப்பின் முகவரி பொருந்தினால்தான் உங்கள் நகல் எடுக்கப்படும். பல தளங்கள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் சிஎஸ்எஸ் கோப்பின் பெயரில் உள்ள எழுத்தையும் எண்ணையும் மாற்றுகின்றன. அப்படிப் பெயர் மாறிய நாளில் உங்கள் மாற்றம் போய்விடும். ஓவர்ரைட்ஸ் இயங்கும்போது கேஷ் (பிரவுசர் முன்பே சேமித்து வைத்த நகல்கள்) நிறுத்தப்படுவதால் பக்கம் மெதுவாகத் திறப்பதும் இயல்புதான். வேலை முடிந்ததும் ‘எனேபிள் லோக்கல் ஓவர்ரைட்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள்.

தளம் உங்களுடையதே என்றால் ஓவர்ரைட்ஸ் வேண்டாம். கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருந்து, உள்ளூர் சர்வரில் ஓடுகிறதென்றால், சோர்சஸில் ‘ஒர்க்ஸ்பேஸ்’ டேபில் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். கோப்பின் பெயர் அருகே பச்சைப் புள்ளி வந்தால், டெவலப்பர் டூல்ஸில் நீங்கள் செய்யும் சிஎஸ்எஸ் திருத்தம் மூலக்கோப்பிலேயே எழுதப்படும். எலிமென்ட்ஸில் எழுத்துகளில் செய்யும் திருத்தத்துக்கு இங்கும் அதே கதிதான், சேமிக்கப்படாது.

எதையும் நிரந்தரமாக்க வேண்டாம், என்ன மாற்றினோம் என்று தெரிந்தால் போதும் என்றால், ரீஃப்ரெஷ் செய்வதற்கு முன் டெவலப்பர் டூல்ஸின் மூன்று புள்ளி மெனுவில் ‘மோர் டூல்ஸ்’ வழியாக ‘சேஞ்சஸ்’ பகுதியைத் திறங்கள். பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் தெரியும். அங்கிருந்து நகலெடுத்து டெவலப்பருக்கு அனுப்பலாம். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே பெயரில் ஒரு டேப் இருக்கிறது. எலிமென்ட்ஸில் எழுத்துகளைத் திருத்திய பக்கத்தின் நகல் மட்டும் வேண்டுமென்றால் கன்ட்ரோல்+எஸ் கொடுத்து ‘வெப்பேஜ், கம்ப்ளீட்’ என்று சேமியுங்கள். ‘எச்டிஎம்எல் ஒன்லி’ என்று சேமித்தால் உங்கள் திருத்தம் அதில் வராது.

கடைசியாக, உங்கள் கேள்வியைப் பார்த்தால் அடிக்கடி படிக்கும் தளத்தின் எழுத்தளவும் நிறமும்தான் உங்களுக்கு நிரந்தரமாக வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு ஓவர்ரைட்ஸ் ஒத்துவராது. டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும். ‘ஸ்டைலஸ்’ போன்ற ஓர் எக்ஸ்டென்ஷனை நிறுவி, சேஞ்சஸில் நகலெடுத்த அதே சிஎஸ்எஸ் வரிகளை அந்தத் தளத்தின் முகவரிக்கென்று அதில் ஒட்டிவிடுங்கள். தளத்தின் சொந்த விதி மேலோங்கி நின்றால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அரைப்புள்ளிக்கு முன் ஆச்சரியக்குறியுடன் ‘இம்பார்ட்டன்ட்’ என்று ஆங்கிலத்தில் சேருங்கள்.